துத்தநாகம்

உப்பனாற்றங்கரையில் இரும்புப் படகைக் கரையேற்றினால்
முதலில் குனிந்து அடிவயிற்றைப் பார்ப்பேன்.
சுக்கானுக்குப் பக்கத்தில் போன வருஷம் முடுக்கிய
துத்தநாகத் தட்டு
எலி கடித்த கருவாடு மாதிரி இருந்தால்
படகு பிழைத்தது.
தட்டு புதுசாகவே பளபளத்தால்தான் பயம்:
தண்ணீர் வேறெதையோ தின்றிருக்கிறது.

இடது இடுப்பில் பந்தும் கிண்ணமும் மாட்டி
எனக்கு ஒன்பது மழைக்காலம்.
தண்டு டைட்டானியம், தலை கோபால்ட்.
ஆயுசுக்கும் வரும் என்றார்கள்.
யார் ஆயுசுக்கு என்று கேட்காமல்
கையெழுத்துப் போட்டேன்.

திட்ட மனசில்லை.
அந்தப் பந்துதான் என்னை ஏணி ஏற்றியது,
சிலிண்டர் உருட்ட வைத்தது,
தேவனாம்பட்டினம் மாசிமகக் கூட்டத்தில்
செந்தாமரையைத் தொலைத்துவிட்டு
கால் மணி நேரம் ஓடித் தேட வைத்தது.

பிறகு தொடையிடுக்கில் ஒரு வலி.
உட்கார்ந்து எழுந்தால் உள்ளே ஏதோ
திருகாணி தளர்ந்த கதவு.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில்
டாக்டர் பெர்னதெத் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.
தண்டைச் சுற்றிக் கறுப்பாக ஓர் ஓரம்.
ஈர மணலில் நட்ட கழியைச் சுற்றி
அலை திரும்பும்போது பறிக்குமே,
அந்தப் பள்ளம்.

கிருமியா?
இல்லை, மூன்று தடவை வளர்த்துப் பார்த்தோம், ஒன்றும் முளைக்கவில்லை.
ஊசியில் வந்தது சீழ் மாதிரி இருக்கிறது,
சீழ் இல்லை.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தபடி இது:
தலையும் தண்டும் பூட்டிக்கொள்ளும் கழுத்தில்
ஒவ்வோர் அடிக்கும் மயிரிழை உரசல்.
பொடி உதிர்கிறது.
காவல் அணுக்கள் வந்து விழுங்குகின்றன,
அதுகளுக்கு வேறு வேலை தெரியாது.
கிருமியென்றால் செரித்திருக்கும்.
இது செரிக்காமல், விழுங்கியது உள்ளே வெந்து
சாகும்போது கூப்பாடு போடுகிறது.
கூப்பாடு கேட்டு இன்னும் நூறு வருகின்றன,
அதே பொடியை விழுங்க.

கூப்பாடு எலும்புக்கும் கேட்கிறது.
எலும்புக்குள் இரண்டு கோஷ்டியாம்:
இடிக்கிற ஆட்கள், பின்னாலேயே கட்டுகிற ஆட்கள்.
பிறந்ததிலிருந்து நடக்கிற வேலை, சத்தமே வராது.
இப்போது இடிக்கிறவர்களுக்கு ஓவர்டைம்.
கட்டுகிறவர்கள் கலவைச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

டாக்டர், என்றேன்.
இரண்டு வேறு உலோகம். நடுவே என் உடம்பு,
உப்புத் தண்ணீர்தானே அது.
எங்கள் பக்கம் இப்படி ஒரு படகை
சும்மா இறக்க மாட்டோம்.
துத்தநாகத்தை எங்கே முடுக்கியிருக்கிறீர்கள்?

சிரிப்பார் என்று நினைத்தேன்.
பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.
படத்தில்
என் தொடை எலும்பின் மேல்
விரலை வைத்தார்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
ரெட்டிச்சாவடி தாண்டும்வரை
காலைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தேன்,
மிதித்தால் தேயும் என்பதுபோல.

ஆடியில் திறந்தார்கள்.
கழற்றிய தலையைக் காட்டச் சொன்னேன்.
பந்து கண்ணாடி. கழுத்துக்குழிக்குள் மட்டும் கரி,
சைலன்சர் முனையில் படிகிற அதே கரி.
சுற்றியிருந்த சதை வெல்டிங் துணி நிறம்.
இந்தத் தடவை பீங்கான் தலை.
ரத்தத்தில் கோபால்ட் மாசாமாசம் இறங்குகிறது.
எலும்பு திரும்பி வருமா என்றதற்கு
கொஞ்சம், என்றார். அவ்வளவுதான்.

நேற்று ஆரோக்கியதாஸ் படகு கரையேறியது.
பழைய தட்டை உளி வைத்துப் பெயர்த்தேன்.
போட்டபோது இரண்டு கிலோ,
இப்போது எழுநூறு கிராம் இருக்கும்.
காயிலான் கடைக்குப் போடு என்றார்.
பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எதற்கு இது, என்றாள் செந்தாமரை.
சொல்லத் தெரியவில்லை.
அரிசி டப்பா மூடிமேல் வைத்திருக்கிறாள் இப்போது,
எலி தள்ளாமல் இருக்க.